பதினான்கு வருடம் அணையாத உலை

கண்ணாடி பாட்டில் தொழிற்சாலைக்குத் தலைவியாக அவள் வந்து சேர்வதற்கு முன்பே அங்கே அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கத்தரி. முந்தைய இரண்டு தொழிற்சாலைகளிலும் ஆட்களையும் செலவையும் வெட்டியே மேலிடத்தில் நல்ல பெயர் வாங்கியவள் என்ற செய்தி அவளுக்கு முன்னால் வந்து இறங்கியிருந்தது. பட்டப்பெயர் அவள் காதுக்கு எட்ட மூன்று நாள்கூட ஆகவில்லை. கேன்டீனில் டீ போடுகிறவர் உள்ளே திரும்பி, "கத்தரி மேடத்துக்குச் சர்க்கரை கம்மி" என்று குரல் கொடுத்துவிட்டு, அவள் பின்னாலேயே நிற்பதைப் பார்த்துக் கையிலிருந்த டீயைச் சிந்தினார்.

"பரவாயில்ல," என்றாள். "டீயையும் கம்மியாவே ஊத்துங்க."

அவள் போன பிறகுதான் எல்லோரும் சிரித்தார்கள்.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. அக்காவோடு ஒரே வீட்டில் இருந்தாள். அக்காவின் கணவர் இறந்துபோயிருந்தார். இவளுக்குக் கணவன் என்று ஒருவர் வாய்க்கவே இல்லை. அக்கா பக்கத்துக் கிளினிக்கில் நர்ஸ். காலையில் யார் முதலில் கிளம்புகிறார்களோ அவர் டிபன் கட்டுவதில்லை என்பதுதான் வீட்டுச் சட்டம். அதனால் இருவரும் நாளுக்கு நாள் சீக்கிரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

மேலிடம் அவளிடம் கேட்டது ஒன்றுதான். கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கப் பார்க்கிறது. அடுத்த மூன்று காலாண்டுகளும் லாபம் கண்ணைப் பறிக்க வேண்டும். எது தள்ளிப்போடக் கூடியதோ அதையெல்லாம் தள்ளிப் போடு. தள்ளிப்போடும் பட்டியலில் முதல் வரி உலை. கண்ணாடி உருக்கும் அந்த உலையின் ஆயுள் பன்னிரண்டு வருடம். அதற்குப் பிறகு முழுக்க இடித்து, கல் கல்லாகத் திரும்பக் கட்ட வேண்டும். கட்டும் மூன்று மாதமும் ஒரு பாட்டில்கூட வெளியே வராது. உலைக்கு இப்போது பதினான்காவது வருடம் நடந்துகொண்டிருந்தது.

வந்த முதல் மாதமே அவள் மேஜையில் இருந்தபடி இரண்டு காகிதங்களில் கையெழுத்துப் போட்டாள். ஒரு ஷிப்டுக்கு ஏழு பேராக இருந்த உலை ஆட்கள் நான்கு பேர் ஆனார்கள்; மிஞ்சியவர்களில் மூவருக்கு வேலை போனது, மற்றவர்கள் வேறு பிரிவுகளுக்குப் போனார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கருவியோடு வந்து உலைச் சுவரின் கனத்தை அளந்துவிட்டுப் போகிற வெளிக் குழுவை இனி வர வேண்டாம் என்றாள். உலையை அதுவரை அவள் தூரத்தில் இருந்துதான் பார்த்திருந்தாள். இரண்டு மாடி உயரத்தில், இரும்புச் சட்டங்களால் வரிந்து கட்டிய, வெக்கை அடிக்கிற ஒரு பெரிய செங்கல் பெட்டி. அவ்வளவுதான் தோன்றியது.

சில மாதம் கழித்து கல்மேஸ்திரியிடமிருந்து ஒரு மனு வந்தது. உலையின் கல் வேலை முழுக்க அவர் பொறுப்பு. முப்பத்தெட்டு வயதுக்காரர், அடர்ந்த மீசை, பேச்சு குறைவு. உலையின் வடகிழக்கு மூலையை மேடம் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று இரண்டே வரி எழுதியிருந்தார். பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"மூலை அப்புறம் பார்க்கலாம் மேடம்," என்றார் மேஸ்திரி. "முதல்ல உள்ள பாருங்க."

கருநீலக் கண்ணாடி பதித்த முகமூடியை அவளிடம் கொடுத்து, சுவரில் உள்ளங்கை அகலத்தில் இருந்த ஓட்டையின் மூடியைத் தள்ளினார். அவள் குனிந்து பார்த்தாள்.

உள்ளே ஒரு ஏரி இருந்தது. அதற்கு வேறு வார்த்தை அவளுக்குக் கிடைக்கவில்லை. கரைக்குக் கரை வெளிச்சத்தால் ஆன ஏரி. இடது சுவரிலிருந்து நெருப்பு கிளம்பி, அந்த ஏரியின் மேல் முழு அகலத்துக்கும் படுத்தபடி ஓடி, வலது சுவரில் மறைந்தது. ஏரி அசையாமல் இருப்பது போலத்தான் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் அதன் மேற்பரப்பு முழுவதும் மிக மெதுவாக, தூங்குகிறவரின் மார்பு போல, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இப்ப நெருப்பு பக்கம் மாறும். கண்ணை எடுக்காதீங்க."

எங்கோ ஒரு கதவு கனமாக விழுந்தது. நெருப்பு நின்றது. சில விநாடிகள்தான். நெருப்பு இல்லாத அந்த இடைவெளியில் இருட்டவில்லை. மாறாக எல்லாமே துல்லியமாகத் தெரிந்தது. தலைக்கு மேல் வளைந்து போகும் கூரையின் ஒவ்வொரு கல்லும், ஒவ்வொரு கல்லின் விளிம்பும், தூரத்துச் சுவரும், ஏரியும் எல்லாம் தாமாகவே ஒளிர்ந்தன. நிழல் என்ற ஒன்றே அங்கே இல்லை. அப்படி ஓர் இடத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை. பிறகு வலது பக்கத்திலிருந்து நெருப்பு பாய்ந்து வந்து எல்லாவற்றையும் மூடிக்கொண்டது.

அவள் நிமிர்ந்தபோது கால் மணி நேரம் போயிருந்தது.

"இதை எத்தனை நாளைக்கு ஒரு தடவை அணைப்பீங்க?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான், தான் நிர்வகிக்கிற ஒன்றைப் பற்றிக் கேட்கக் கூடாத கேள்வி அது என்று உறைத்தது.

மேஸ்திரி சிரிக்கவில்லை. "அணைக்கிறதே இல்ல மேடம். ஏத்தி பதினாலு வருஷம் ஆச்சு, ஒரு நிமிஷம் ஆறவிட்டதில்ல. அணைச்சா அவ்வளவுதான். ஆறும்போது கல்லெல்லாம் வெடிச்சிடும், திரும்ப ஏத்த முடியாது. என் பொண்ணு பொறந்த வருஷம் ஏத்தினது. அவ இப்ப என் தோளுக்கு வந்துட்டா."

"அப்ப ராத்திரி, லீவு நாள் எல்லாம்?"

"யாராவது ஒருத்தர் நின்னுக்கிட்டேதான் இருக்கோம்."

பிறகு மூலையைக் காட்டினார். வெளிச் சுவரில் ஒரு கல், பழுத்த பழத்தின் நிறத்தில் மங்கலாகச் சிவந்திருந்தது. அதன் மேல் குழாய் வழியாகக் குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது. வைக்கும்போது அந்தக் கல் ஒரு சாணுக்கு மேல் கனம். கண்ணாடிக் குழம்பு உள்ளே இருந்து அதை நக்கி நக்கித் தின்றுகொண்டே வருகிறது.

"இப்ப எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"அளக்கிற கருவிக்காரங்க வரணும் மேடம்."

"வேற வழியே இல்லையா?"

"மெல்லிசு இருந்தா சொல்லுவா. தினமும் மணிக்கொரு தடவை சுவரைச் சுத்தி வந்து சூடு பார்க்கிறது அவ வேலை. எட்டு வருஷம். கருவியைக் கையில வெச்சுக்கிட்டே, கன்னத்துல படுற வெக்கையிலயே பாதி சொல்லிடுவா." மெல்லிசு என்பது ஒல்லியான, உயரமான ஒரு பெண்ணின் பட்டப்பெயர். அவளும் அந்த மூன்று பேரில் ஒருத்தி. அனுப்பப்பட்டவள்.

அன்று மாலையே தலைவி மேலிடத்துக்கு எழுதினாள். உலையை உடனே நிறுத்திக் கட்ட வேண்டும் என்று எழுதினாள். இயக்குநர் போனில் வந்தார். பேச்சில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. வெண்ணெய் மாதிரி பேசுவார்.

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. கட்டத்தான் போறோம். ஒன்பது வாரம். கையெழுத்து ஆகட்டும். வாங்கறவங்களே புதுசா கட்டிக்குவாங்க. பதினாலு வருஷம் நின்னது ஒன்பது வாரம் நிக்காதா?"

அவள் சரி என்றாள். பின்னாளில் அவள் யாரிடமும் இதை மறைத்ததில்லை. நிர்ப்பந்தித்தார்கள் என்றும் சொன்னதில்லை. சரி என்று சொன்னேன் என்றுதான் சொல்வாள்.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை முற்பகல் பதினொன்றரை மணிக்கு அந்த மூலை உடைந்தது.

அவள் படியிறங்கி ஓடிவந்தபோது பார்த்தது ஒரு துளியைத்தான். கல்லின் நடுவிலிருந்து தேன் வடிவது போல, ஆனால் கண்ணால் நேரே பார்க்க முடியாத வெளிச்சத்தோடு, ஒரு துளி நீண்டது. தரையைத் தொட்டது. அதன் பின்னால் விரல் கனத்தில் ஒரு ஒழுக்கு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மணிக்கட்டுக் கனம் ஆனது. சத்தமே இல்லை. அந்தச் சத்தமின்மைதான் அவளை அதிகம் நடுங்க வைத்தது. உள்ளே நூற்றுக்கணக்கான டன் குழம்பு இதே வழியாக வெளியே வரக் காத்திருக்கிறது.

மேஸ்திரி ஏற்கெனவே ஹோஸோடு எதிரே நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் பட்ட இடத்தில் குழம்பு வெடித்துச் சிதறியது. நீராவி கூரைவரை எழுந்தது. இரண்டாமவர் நெருப்பைக் குறைக்க ஓடினார். மூன்றாமவர் இரும்புச் சட்டம் வளையாமல் இருக்க அதன் மேல் தண்ணீர் அடித்தார். நான்காமவர் தரையில் ஓடுகிற குழம்பைக் கம்பியால் திருப்பிவிட்டார். நான்கு பேர் முடிந்தது. காற்றுக் குழாயைத் திருப்ப ஆள் இல்லை. இரண்டாவது ஹோஸுக்கு ஆள் இல்லை. எங்கே அடிக்க வேண்டும் என்று பக்கவாட்டில் நின்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை.

இரண்டாவது ஹோஸை அவள் எடுத்தாள். அது அவளைப் பின்னால் தள்ளியது.

"காலை அகட்டி நில்லுங்க," என்றார் மேஸ்திரி, திரும்பாமலே. மேடம் என்று சேர்க்கவில்லை.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். தொழிற்சாலையின் பின்தெருவில்தான் பாதிப் பேர் வீடு. நீராவி கூரைக்கு மேலே எழுவதைப் பார்த்திருக்கிறார்கள். வேறு ஷிப்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் சட்டையை மாட்டியபடி வந்தார்கள். வேலையை விட்டு அனுப்பப்பட்ட மூவரும் வந்தார்கள். வாசல் காவலர், அனுமதிச் சீட்டு இல்லாதவர்களை உள்ளே விட்ட குற்றத்துக்கு என்ன தண்டனை என்று யோசிக்காமல் கதவை முழுதாகத் திறந்துவிட்டிருந்தார். மெல்லிசு வீட்டுச் செருப்போடு வந்து நின்றாள்.

"பூட்ஸ் போடு," என்றார் மேஸ்திரி. அவ்வளவுதான் வரவேற்பு.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. பதினெட்டு பேர் இருந்தார்கள்; ஒருவரும் கத்தவில்லை. கையசைப்புதான். இரைச்சலில் எட்டு வருடம், பத்து வருடம் சேர்ந்து வேலை செய்தவர்களுக்குள் உண்டாகியிருந்த ஒரு பாஷை அது. ஒருவர் கை சோர்வதற்கு ஒரு கணம் முன்னால் இன்னொரு கை அங்கே இருந்தது. மெல்லிசு சுவருக்கு இரண்டடி தள்ளி, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கன்னத்தைக் காட்டியபடி மெதுவாக நகர்ந்தாள். ஓரிடத்தில் நின்றாள். உடைப்பிலிருந்து ஒரு முழம் கீழே, ஒன்றுமே தெரியாத கல்லைக் காட்டி, விரலை மடக்கினாள். மேஸ்திரி ஒரு கேள்வியும் கேட்காமல் ஹோஸை அங்கே திருப்பினார். சற்று நேரத்தில் அந்தக் கல்லின் நடுவில் ஒரு சிவப்புக் கோடு தோன்றி, தண்ணீர் பட்டு, கறுத்து, அடங்கியது. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் அதுவும் திறந்திருக்கும்.

ஐம்பது நிமிடத்தில் ஒழுக்கு மெலிந்தது. பிறகு அதன் வாயிலேயே உறைந்து, ஆறிய புண்ணின் பொருக்கு போல உட்கார்ந்தது. யாரும் கைதட்டவில்லை. தண்ணீரை நிறுத்தவும் இல்லை.

மெல்லிசின் மணிக்கட்டில் ஒரு சிதறல் விழுந்து கொப்பளித்திருந்தது. தலைவியே அவளைக் காரில் ஏற்றி அக்காவின் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். வழியில் கேட்டாள், "நான்தான் உங்களை அனுப்பினேன்னு தெரியும்ல. ஏன் வந்தீங்க?"

மெல்லிசு கொப்பளத்தை ஊதிக்கொண்டாள். "அந்த மூலை எனக்குத்தான் மேடம் தெரியும். வேற யார் போவாங்க."

அக்கா கட்டுப் போட்டபடி முழுக் கதையையும் கேட்டாள். மெல்லிசு வெளியே போன பிறகு தங்கையைப் பார்த்தாள்.

"எங்ககிட்ட ஒரு ரகம் வரும்டி. தலை சுத்தலையே, நல்லாத்தானே இருக்கேன்னு பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டு, ஒரு நாள் வாய் கோணிக்கிட்டு வருவாங்க. கூட வந்தவங்க கேப்பாங்க, நேத்து வரைக்கும் நல்லா இருந்தாரேன்னு." கையைக் கழுவிக்கொண்டாள். "நீ சாப்பிட்டியா?"

அவள் சாப்பிட்டிருக்கவில்லை.

மாலை நான்கு மணிக்கு இயக்குநர் பேசினார். உலை நின்றுவிட்டதா, ஓடுகிறதா என்றார். பொருக்கு பிடித்திருக்கிறது, ஓடுகிறது என்றாள். அவர் குரலில் நிம்மதி தெரிந்தது.

"அப்ப ஓட்டுங்க. எக்ஸ்ட்ரா ஆள் வேணும்னா போட்டுக்குங்க. ஆறு வாரம்தான் பாக்கி."

"வடிக்கப் போறேன் சார்."

"என்னது?"

"குழம்பை வடிச்சிட்டு உலையை அணைக்கப் போறேன். பாதுகாப்பு விதிப்படி அந்த அதிகாரம் தொழிற்சாலைத் தலைமைக்கு உண்டு. உங்க சம்மதம் கேக்கல, தகவல் சொல்றேன்."

வெண்ணெய் உருகிப்போனது. அணைத்தால் திரும்ப ஏற்ற முடியாது என்று தெரியுமா, விற்பனையே கைவிட்டுப் போகும் என்று தெரியுமா, இத்தனை வருடம் சம்பாதித்த பெயர் என்ன ஆகும் என்று தெரியுமா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தெரியும் என்றாள். போனை வைத்தாள். கீழே இறங்கிப்போய் மேஸ்திரியிடம் சொன்னாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, உள்பக்கத்தைத் துடைத்து, மீண்டும் மாட்டிக்கொண்டார்.

"எழுத்துல குடுத்திடுங்க மேடம்," என்றார். "அப்பதான் நாளைக்கு யாரும் மாத்த முடியாது."

மறுநாள் காலை உலையின் அடியில் துளை போட்டார்கள். குழம்பு ஒரு தூண் போல இறங்கி, ஓடும் தண்ணீரில் விழுந்து, பச்சைக் கற்கண்டாகச் சிதறியது. மூன்று நாள் இறங்கியது. முந்தைய நாள் சத்தமே இல்லாமல் பயமுறுத்திய அதே குழம்பு இப்போது தண்ணீரில் விழுந்து ஓர் அருவியின் இரைச்சலோடு போனது. வேலை இல்லாதவர்களும் வந்து நின்று பார்த்தார்கள். அவள் ஓட்டை வழியே பார்க்கும் ஒவ்வொரு முறையும் கரை உயர்ந்திருந்தது, ஏரி இறங்கியிருந்தது. கடைசியாகப் பார்த்தபோது தரை தெரிந்தது.

ஆறுவதற்குப் பதினெட்டு நாள் ஆனது. கூரைக் கற்கள் நாள் முழுக்கப் பட்டாணி வெடிப்பது போல வெடித்துக்கொண்டிருந்தன. கூரைக்கு முட்டுக் கொடுத்த பிறகு பக்கச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு வழி உடைத்தார்கள். இயக்குநரும் அன்று வந்திருந்தார். நல்ல உயரமான மனிதர்; நுழையக் குனிய வேண்டியிருந்தது.

நெருப்பு மட்டுமே இருந்த இடத்தில் மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கூரை அவர்கள் நினைத்திருந்ததைவிட வெகு உயரத்தில் வளைந்து போனது. சுவர்கள் நேராக இல்லை. ஆற்றங்கரைப் பாறை போல வழவழவென்று அரித்து, குழிந்து, மடிப்பு மடிப்பாக இருந்தன. கல்லை இப்படிச் செதுக்கப் பதினான்கு வருடம் இரவும் பகலும் ஏதோ ஒன்று வேலை செய்திருக்கிறது. அதே பதினான்கு வருடமும் சுவருக்கு வெளியே ஆட்கள் நின்று, அதைக் காற்றாலும் தண்ணீராலும் கண்ணாலும் தாங்கியிருக்கிறார்கள். டார்ச்சுகளை அணைக்கச் சொன்னார் மேஸ்திரி.

வடகிழக்கு மூலையில் பச்சை வெளிச்சம் தெரிந்தது. அந்த இடத்தில் கல்லே இல்லை. உறைந்த கண்ணாடிப் பொருக்கு மட்டும் ஓட்டையை அடைத்துக்கொண்டு நிற்க, வெளியே அடித்த பகல் வெயில் அதன் வழியே உள்ளே வந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிக் கல் ஒரு விரல் கனம். மெல்லிசு விரலை மடக்கிக் காட்டிய இடத்தில் அரை விரல். மேஸ்திரி சுண்டினார், ஓடு போலச் சத்தம் வந்தது. பிறகு இன்னொரு சுவருக்குப் போனார். அதுவும் ஒரு விரல். எதிர்ச் சுவர், இரண்டு விரல். ஆறு வாரம் என்ற பேச்சு யாருக்கும் ஞாபகம் வராமல் இருந்திருக்காது.

இயக்குநர் பச்சை வெளிச்சத்துக்கு முன்னால் வெகு நேரம் நின்றார். கையை நீட்டித் தொட்டார். "இதுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு தூரத்துல நிப்பாங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"ரெண்டடி சார்," என்றாள் மெல்லிசு.

அவர் தலையை அசைத்தார். அவர் கண் கலங்கியதாகப் பிறகு சிலர் சொன்னார்கள், தூசியாகவும் இருக்கலாம். ஏனென்றால் அடுத்த வாரமே அவளுக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. அதில் ஒரு விதிவிலக்கு மட்டும் இருந்தது. புதிய உலையைக் கட்டி ஏற்றும் வரை அவள் இருக்கலாம். அந்தப் பொறுப்புக்குக் கையெழுத்துப் போட வேறு யாரும் முன்வரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. விற்பனை நடக்கவில்லை. ஆறிய உலையோடு தொழிற்சாலையை வைத்துக்கொண்டு கம்பெனிக்கு வேறு வழியும் இல்லை. கட்டித்தான் ஆக வேண்டும். ஷிப்டுக்கு ஏழு பேர் இல்லாமல் கட்டி முடித்ததாகக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். ஆறுக்கு இறங்கி வந்தார்கள். மெல்லிசு திரும்ப வந்தாள். மற்ற இருவரில் ஒருவர் வந்தார். இன்னொருவர் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டிருந்தார்.

பதினோரு வாரத்தில் புதிய உலை எழுந்தது. ஏற்றும் நாள் வந்தபோது, எல்லாம் முடிந்தது, இனி வேடிக்கை பார்ப்பதுதான் என்று நினைத்தாள். மேஸ்திரி அவள் கையில் நீளமான ஒரு ஸ்பானரைக் கொடுத்தார்.

"இப்பத்தான் மேடம் வேலையே. சூடு ஏற ஏற கல் வளரும்."

"வளருமா?"

"பாருங்க."

உலையைச் சுற்றி வரிந்து கட்டிய இரும்புக் கம்பிகளின் ஒவ்வொரு போல்ட்டிலும் ஓர் ஆள் நின்றார். பத்து நாள், ஷிப்டு மாற்றி ஷிப்டு. நெருப்பை மணிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். ஆயிரக்கணக்கான கற்கள், ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை அளவு பெருத்து, எல்லாம் சேர்ந்து ஒரு வீட்டளவு சுவரைத் தள்ளின. இறுக்கமாகப் பிடித்தால் கல் நொறுங்கும். தளர விட்டால் கூரை இறங்கும். மெல்லிசு அளவுகோலில் பார்த்துக் கையை உயர்த்தினால் எல்லோரும் ஒரே நேரத்தில் கால் சுற்று தளர்த்தினார்கள்.

ஐந்தாம் நாள் பிற்பகல் அவள் தன் போல்ட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இரும்பு விறைத்து, மெல்ல அதிர்ந்தது. உள்ளே இருப்பது வெளியே தள்ளுவது தெரிந்தது. அவசரமே இல்லாமல், ஆனால் எந்த மனிதக் கையாலும் நிறுத்த முடியாத ஒரு பலத்தோடு தள்ளியது. பின்தெருவில் அன்றைக்கு எல்லோரும் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இங்கே ஒரு கட்டடம் வளர்ந்துகொண்டிருந்தது.

பத்தாம் நாள் முடிவில் உலை நான்கு விரற்கடை அகலமாகியிருந்தது. ஒரு கல்கூட விரிசல் விடவில்லை. அன்று அவள் வேலையின் கடைசி நாள். அக்கா வாசலில் வந்து காத்திருப்பதாகக் காவலர் வந்து சொன்னார்.

"இன்னும் ஒரு கால் சுற்று இருக்கு," என்றாள் அவள். "கொஞ்சம் உட்காரச் சொல்லுங்க."